சோதனைச் சாவடியில் என் புடவை

என் மகள் கல்லூரியில் சேர்ந்தபோது நான் அவளிடம் கேட்டது ஒன்றுதான். பேருந்தில் ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன். பேசக்கூட வேண்டாம், மிஸ்டு கால் போதும். அவள் தலையை ஆட்டினாள். வயலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அவள் அப்பா வாசலில் நின்று திரும்பிப் பார்த்து, "வர்றப்பவும் அதே மாதிரியா? அப்ப ஒரு நாளைக்கு நாலு. ரீசார்ஜ் கம்பெனிக்காரன் நம்ம வீட்டுக்கு மாலை போடுவான்," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு என்பது குறைவாகத்தான் தோன்றியது.

நாங்கள் இருப்பது காரைக்கால் பக்கம் நெடுங்காட்டில். அவர் விவசாயம். நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மகள் எங்களுக்கு ஒரே பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை அவள் படித்த பள்ளிக்கூடம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவள் தனியாகப் போய்வந்த தூரமென்றால் விழிதியூரில் இருக்கும் அத்தை வீடுதான். அங்கேயும் அத்தை நிறுத்தத்திலேயே வந்து காத்திருப்பாள். அவள் காத்திருக்கிறாளா என்று நான் போன் செய்து கேட்டுக்கொள்வேன்.

ஏன் இவ்வளவு பயம் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் கதை எதுவும் இல்லை. எங்கள் வீட்டில் விபத்து நடந்ததில்லை, யாரும் காணாமல் போனதில்லை. பிறப்பு, இறப்புப் பதிவுப் பிரிவில் உட்கார்ந்திருப்பதால்தான் இப்படி என்று கூட வேலை பார்க்கும் ஒருவர் சொன்னார். தினமும் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்கு எதிரே வந்து உட்காருவார்கள். "காலையில நல்லாத்தான் போனாரு" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காலை நேரத்தின் மேலேயே நம்பிக்கை போய்விட்டதோ என்னவோ. ஆனால் அந்தப் பிரிவுக்கு மாற்றலாகும் முன்பும் நான் இப்படித்தான் இருந்தேன்.

கல்லூரி தொடங்கிய முதல் சில வாரங்கள் அவள் அதைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. கடலோரக் காற்றுக்கு ஜன்னல் கம்பிகளெல்லாம் துருப்பிடித்து, தொட்டால் கையில் ஒட்டுகிறதாம். நூலகத்துக்குப் பின்னால் புங்க மரங்கள் வரிசையாக நிற்கின்றனவாம். அதன் கீழே உட்கார இரண்டாம் ஆண்டுக்காரர்களுக்குத்தான் உரிமையாம். "உரிமைன்னு யாரு எழுதிக் குடுத்தா?" என்று இவள் போய் உட்கார்ந்துவிட்டாளாம். "அப்புறம்?" என்றேன், கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு. "அப்புறம் ஒன்னுமில்லம்மா. எழுந்திரின்னாங்க, எழுந்திரிச்சிட்டேன்."

காரைக்கால், மாகே, ஏனாம் எல்லாம் ஒரே புதுச்சேரி அரசின் கீழ் வருவதால் எங்கள் ஊர்க் கல்லூரிகளுக்கு மலையாளக் கடற்கரையிலிருந்தும் கோதாவரிக் கரையிலிருந்தும் பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அவள் வகுப்பில் ஏனாமிலிருந்து ஒரு பெண் சேர்ந்திருந்தாள். "அதுக்குத் தமிழ்ல தண்ணிங்கிற வார்த்தை மட்டுந்தாம்மா தெரியும். நேத்து கேன்டீன்ல பசிக்குதுன்னு சொல்லத் தெரியாம தண்ணி தண்ணின்னு கேட்டுக் குடிச்சிக்கிட்டே இருந்திருக்கு," என்று சொல்லிச் சிரித்தாள். மறுநாள் இரண்டு டிபன் பாக்ஸ் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகு கலைவிழாக் காலம் வந்தது. அறிவிப்புப் பலகையில் எதைப் பார்த்தாலும் பெயர் கொடுத்தாள். குழுப் பாட்டுத் தேர்வில் பாடியபோது, "நீ மேடையில வாயை மட்டும் அசைக்கிறியாம்மா?" என்று கேட்டார்களாம். கோலப் போட்டியில் இவளுடைய கோலத்தின் மேல் நடுவரே மிதித்துவிட்டுப் போனாராம். வினாடி வினாவில் முதல் சுற்றைத் தாண்டவில்லை. ஒவ்வொரு தோல்வியையும் அவள் பேருந்திலிருந்து இறங்கும்போதே சிரித்துக்கொண்டுதான் கொண்டுவந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு மதிப்பெண் குறைந்தால் போர்வைக்குள் போய்விடுகிற பிள்ளை இது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சந்தோஷம் என்றும் சொல்லலாம். ஆனால் அவள் மாறிக்கொண்டிருக்கிற இடத்தில் நான் இல்லை என்பதும் கூடவே தெரிந்தது.

கடைசியில் அவள் நிலைத்தது மைம் குழுவில். அதாவது பேசாமல் நடிக்கும் நாடகம். மாகேயிலிருந்து வந்த ஒரு மூத்த மாணவன்தான் அதைத் தொடங்கியிருந்தான். மலையாளம், தெலுங்கு, தமிழ் மூன்றும் கலந்த பிள்ளைகள், யார் பேசினாலும் மற்றவர்களுக்கு முழுதாகப் புரியாது. அதனால் யாருமே பேச வேண்டாம் என்று முடிவெடுத்தார்களாம்.

"வசனமே இல்லாம என்னடி நடிப்பு?"

"பேசுனாத்தாம்மா சண்டை வருது. பேசலன்னா எல்லாருக்கும் புரிஞ்சிடுது."

நாடகம் எங்கள் ஊர்க் கதைதான். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலிருந்து ஒருவன் பேருந்தேறி நம்மூருக்கு மலிவாகக் குடிக்க வருகிறான். குடித்துவிட்டு, இடுப்பில் பாட்டிலைச் செருகிக்கொண்டு திரும்புகிறான். எல்லையில் மாட்டிக்கொள்கிறான். அதில் உனக்கு என்ன வேஷம் என்று கேட்டேன். "சின்ன வேஷம்தாம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

இனி அந்த நாள்.

தை மாதக் கடைசி. எங்கள் வயலில் அறுவடை. மெஷின் வந்துவிட்டதென்று அவர் விடியும் முன்பே போய்விட்டார். நான் அடுக்களைக்குள் நுழைந்தபோது மகள் பெரிய பாத்திரத்தில் தேயிலைத் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவு டிக்காஷன் யாருக்குடி?"

"ஹாஸ்டல் பொண்ணுங்களுக்கும்மா. மருதாணியில கலக்க."

கல்லூரியில் விழா, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவேன் என்றாள். ஏறியதும் மிஸ்டு கால் வந்தது. இறங்கியதும் வந்தது. நான் அலுவலகத்துக்குப் போனேன். வேலை ஓடியது.

மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்பு அவள் எண்ணிலிருந்து போன். மிஸ்டு கால் இல்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

"அம்மா, மொதல்ல பதறாத. எனக்கு ஒன்னும் ஆவல."

அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.

"வாஞ்சூர்ல இருக்கோம்மா. செக்போஸ்ட்ல."

"வாஞ்சூர்ல ஏன்டி இருக்க? நீ காலேஜ்லல்ல இருக்கணும்?"

"போட்டி நாகையில. வேன்ல போனோம். நிப்பாட்டிட்டாங்க. பாட்டில் இருந்துச்சு."

"என்ன பாட்டில்?"

"சரக்குப் பாட்டில். ஆனா உள்ள டீதாம்மா. சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. பெரியவங்க யாராவது வரச் சொல்றாங்க. சார் காலையிலயே பேர் பதியறதுக்கு அங்க போயிட்டாரு, போன் எடுக்கல. இவங்க வீடெல்லாம் ரொம்பத் தூரம். அப்பாவும் எடுக்கல."

அப்பாவும் எடுக்கவில்லை என்பதை அப்போது நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. ஸ்கூட்டரில் ஏறிய பிறகுதான் அது உறைத்தது. முதலில் அவருக்குத்தான் அடித்திருக்கிறாள். நானும் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தேன். அறுவடை மெஷின் சத்தத்தில் அவருக்குப் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

நெடுங்காட்டிலிருந்து வாஞ்சூர் எங்கள் மாவட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை. காரைக்கால் கடைத்தெருவைத் தாண்டி, அரசலாற்றுப் பாலத்தைத் தாண்டி, இடையிலுள்ள பட்டினம் என்ற ஊர் வழியாகப் போனேன். போலகத்துக்குத் திரும்பும் இடத்தில் மணல் லாரி ஒன்று குறுக்கே நின்றது. அது நகரும்வரை ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவள் குரலிலேயே கேட்டிருக்கிறேன். ஆனால் உடம்புக்கு அது போய்ச் சேரவில்லை. இப்போதும், இதை எழுதும்போதும், முழுதாகப் போய்ச் சேர்ந்ததாகச் சொல்ல மாட்டேன்.

பாட்டில் விஷயத்தைச் சொல்ல வேண்டும், வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் பகுதியில் மதுப்பாட்டில் கூழாங்கல் மாதிரி. சாலையோர வரப்புகளில் உட்கார்ந்து குடித்துவிட்டு அங்கேயே எறிந்துவிட்டுப் போவார்கள். நடவு ஆட்களின் காலைக் கிழிக்குமென்று என் கணவர் பொறுக்கிச் சாக்கில் சேர்த்து மோட்டார் கொட்டகையில் வைப்பார். எங்கள் வீட்டில் வேப்பெண்ணெய் இருப்பதும் பினாயில் இருப்பதும் அதில்தான். நாங்கள் யாரும் அதைச் சரக்குப் பாட்டில் என்று பார்ப்பதே இல்லை. நாடகத்துக்குப் பாட்டில் வேண்டுமென்றதும் என் மகள் அப்பாவின் சாக்கைக் கேட்டிருக்கிறாள். கழுவி, தேயிலைத் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகி, அப்படியே வேனில் ஏற்றிவிட்டார்கள். எல்லையைத் தாண்டினால் அதே பாட்டிலுக்கு அர்த்தம் வேறு என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த எல்லையைப் பற்றியே நாடகம் போடுகிறவர்களுக்குத் தோன்றவில்லை.

சாவடி ஓரம் வேன் நின்றது. பக்கத்துச் சுவர் நிழலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருக்கும் முகம் முழுக்க வெள்ளைச் சாயம். உதட்டில் கறுப்பு, புருவத்தில் கறுப்பு. வெயிலில் சாயம் வெடித்துக் கன்னத்தில் கோடுகள் விழுந்திருந்தன. வயதான ஏட்டு ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"வாங்கம்மா. இதுல உங்க பொண்ணு யாரு?"

எனக்குத் தெரியவில்லை. பெற்ற பிள்ளையை ஒரு வரிசையில் வைத்து யார் என்று கேட்டால் சொல்ல முடியாமல் நின்றேன். நான் முதலில் அடையாளம் கண்டது புடவையை. என்னுடைய சாம்பல் நிறப் புடவை, அலுவலகத்துக்குக் கட்டிக் கட்டி ஓரம் வெளுத்தது. பிறகு தோளில் என் பழைய கைப்பை. பின்னால் முடிந்த கொண்டை. கண்ணாடி இல்லாத வெறும் கண்ணாடிச் சட்டம். சுவரோரம் நானே உட்கார்ந்திருந்தேன். அந்த 'நான்' எழுந்து, "அம்மா" என்றாள்.

"பழைய பொடவைதானேம்மா," என்றாள் என் மகள், திட்டுவேன் என்று நினைத்து.

ஏட்டு சாக்கைக் காட்டினார். "எதுக்கும்மா டீயைப் போய் இதுல ஊத்துனாங்க?"

"எங்க ஊர்ல எல்லாத்தையும் இதுலதான் சார் ஊத்துவோம்," என்றேன்.

"அது எங்களுக்கும் தெரியும்," என்றார் அவர். உள்ளேயிருந்த இளைய காவலர் ஒருவர், "டீதான் ஏட்டய்யா. நான் நாக்குல வச்சிப் பாத்துட்டேன். சர்க்கரையே இல்ல," என்றார். பிள்ளைகளில் யாரோ சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்கள். ஏட்டுக்கும் வாய் ஓரம் அசைந்தது. "சின்னப் பசங்க. பெரியவங்க யாரும் கூட இல்ல. நான் பாட்டுக்கு விட்டுட்டு நாளைக்கு யாராவது கேட்டா? பொறுப்பா ஒரு ஆள் கூடப் போறதுன்னா இப்பவே கௌம்பலாம். சாக்கு மட்டும் இங்க இருக்கட்டும். வர்றப்ப எடுத்துக்குங்க."

"பாட்டில் இல்லாம எப்படி சார்?" என்றான் மாகே மாணவன், அவனுடைய தமிழில்.

"பேசாத நாடகம்னு சொன்னீங்கல்ல? பேச்சே இல்லாம நடிக்கிறவங்களுக்குப் பாட்டில் எதுக்கு? வெறும் கையால குடிங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பொறுப்பான ஆள் என்றால் அங்கே நான் ஒருத்திதான்.

"நான் எம்பொண்ணை மட்டும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன் சார்," என்றேன்.

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. நெடுங்காட்டிலிருந்து வரும் வழியெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைத்தான் உள்ளே சுமந்து வந்திருக்கிறேன். ஏனாம் பெண் என் மகளின் கையைப் பிடித்தாள்.

என் மகள் கெஞ்சவில்லை. அழவில்லை. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றி மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். "சரிம்மா. போவலாம்," என்றாள். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதுதான் என்னை உலுக்கியது. இப்படி நடக்குமென்று அவள் எப்போதோ எதிர்பார்த்து வைத்திருந்த மாதிரி இருந்தது.

அவளைத் தனியே ஸ்கூட்டர் பக்கம் அழைத்துப் போனேன்.

"அப்பாவுக்குத் தெரியுமா, நாகைன்னு?"

கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "தெரியும்."

"எனக்கு மட்டுந்தான் தெரியாதா?"

"ஒங்கிட்ட சொன்னா நீ அன்னைக்குப் பூரா ஆபீஸ்ல ஒக்கார மாட்ட. சாப்புட மாட்ட. அப்பாதான் சொன்னாரு, போயிட்டு வந்தப்புறம் சொல்லிக்கலாம், அது பாவம்னு."

அது பாவம். நோயாளியைப் பற்றிப் பேசுகிற மாதிரி. என்னை ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கோபப்பட நினைத்தேன். கோபம் வரவில்லை. வீட்டில் இரண்டு பேர் கூடிப் பேசி, இவளுக்கு இது தாங்காது என்று என்னை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் கேட்டது மிஸ்டு கால். அது அன்றைக்கும் தவறாமல் வந்தது. ஏறினாள், இறங்கினாள் என்பது எனக்குத் தெரியும். எங்கே போகிறாள், என்ன செய்கிறாள் என்பது தெரியாது. இன்றைக்கு இவளை வீட்டுக்குக் கொண்டுபோனால் நாளை முதல் எல்லா மிஸ்டு காலும் நேரத்துக்கு வரும். அதற்குமேல் எதுவும் எனக்கு வராது. வெயிலில் நின்றுகொண்டு இதை இவ்வளவு தெளிவாக நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. ஆனால் ஏதோ ஒன்றை இழக்கப் போகிறேன், அது சாலை விபத்தைவிட மெதுவாக நடக்கும் என்று தோன்றியது.

ஸ்கூட்டரைச் சாவடி நிழலில் தள்ளி நிறுத்தினேன். "சார், நானே கூடப் போறேன்," என்று ஏட்டிடம் சொல்லி என் பெயரையும் எண்ணையும் எழுதிக் கொடுத்தேன். பிள்ளைகள் கத்திய கத்தலில் சாவடிக் கூரையிலிருந்த காக்கைகள் பறந்தன. வேனில் முன் இருக்கையை எனக்கு ஒதுக்கினார்கள். ஏனாம் பெண் எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "தண்ணி, ஆன்ட்டி?" என்றாள்.

அந்தக் கல்லூரி அரங்கில் கடைசி வரிசைக்கு ஒரு வரிசை முன்னால் எனக்கு இடம் கிடைத்தது. சுற்றிலும் முன்பின் தெரியாத பிள்ளைகள், விசில், கூச்சல். மேடையில் எங்கள் குழு வந்தது. வெறும் கையால் பேருந்தேறினார்கள், வெறும் கையால் கடைத்தெருவை உண்டாக்கினார்கள். மாகே மாணவன் குடிகாரன். அவன் இல்லாத மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தபோது அரங்கமே சிரித்தது.

மேடையின் மறு ஓரத்தில் என் மகள் வந்தாள். என் புடவையில், என் நடையில். அவள்தான் அந்தக் குடிகாரனின் அம்மா. கைப்பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். அவன் எடுக்கவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உற்றுப் பார்த்தாள், அது பழுதாகிவிட்டதோ என்பதுபோல. தட்டினாள். திரும்ப அடித்தாள். வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்தாள், உள்ளே வந்தாள், அடுப்பை அணைத்தாள், மறுபடி அணைந்ததா என்று பார்த்தாள், மறுபடி வாசல். சிரிப்பு அலை அலையாக எழுந்தது. என் பக்கத்தில் இருந்த பெண் என் முழங்கையை இடித்து, "எங்கம்மா அப்படியே இப்படித்தான் ஆன்ட்டி," என்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். எனக்குக் காது சுட்டது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று பார்த்தேன். வரிசை நடுவில் உட்கார்ந்திருந்தேன், எல்லோரும் காலை மடக்க வேண்டியிருக்கும்.

அப்போது அவள் ஒன்று செய்தாள். போன் அடித்துக்கொண்டிருக்கும்போது இடது கையை வயிற்றின் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே ஏதோ கீழே விழாமல் பிடித்துக்கொள்வது மாதிரி. பக்கத்துப் பெண் அதற்குச் சிரிக்கவில்லை. அரங்கில் அந்த மூலையிலும் இந்த மூலையிலும் சிரிப்பு நின்றது. நான் குனிந்து பார்த்தேன். என் இடது கை என் வயிற்றின் மேல் இருந்தது.

அதன் பிறகு எல்லையில் மகன் பிடிபடுவதும் அம்மா வந்து குடையால் அடிப்பதும் எல்லாம் நடந்தன. கைதட்டினார்கள். எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

பரிசு கிடைக்கவில்லை. குறித்த நேரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று நடுவர்கள் சொன்னார்கள். கல்லூரி ஆசிரியர் அப்போதுதான் போனைப் பார்த்துவிட்டு ஓடிவந்து என்னிடம் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவரை அனுப்பிவிட்டு அரங்குக்கு வெளியே குழாயடியில் நின்றேன். மகள் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். வெள்ளைச் சாயம் கழன்று கழன்று அவள் முகம் திரும்பி வந்தது.

"கோவமாம்மா?"

"அந்த வயித்துல கை வைக்கிறது. நான் அப்படியா பண்றேன்?"

"போன் எடுக்கலன்னா பண்ணுவ."

"எப்பலேருந்து?"

"எனக்கு நெனவு தெரிஞ்சதுலேருந்து." குழாயை மூடினாள். "கிண்டலுக்குன்னுதாம்மா ஆரம்பிச்சேன். அவங்கல்லாம் சிரிச்சாங்க. அப்புறம் ஒத்திகையில அந்த எடத்துல கையை வச்சேன். யாரும் சிரிக்கல. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

"இதை நான் பாத்துடுவேன்னுதான் சொல்லலையா?"

"அதுவுந்தான்."

புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கப் போனவளைத் தடுத்து என் கைக்குட்டையைக் கொடுத்தேன். பக்கத்தில் வேறொரு குழு மரத்தடியில் பறையடித்துப் பழகிக்கொண்டிருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்த்துக் காலால் தாளம் போட்டாள். பரிசு போன வருத்தம் அதற்குள் போய்விட்டிருந்தது.

திரும்பும்போது வேனில் மூன்று மொழியிலும் பாட்டு. சாவடியில் இறங்கினேன். ஏட்டு, "ஜெயிச்சீங்களா?" என்று கேட்டார். "இல்ல சார், டைம் தாண்டிட்டுது," என்றார்கள். "என்னாலயா?" என்றார் அவர், உண்மையாகவே வருந்தியவர்போல. சாக்கைக் காலி செய்து, பாட்டில்களை வேனில் ஏற்றாமல் அங்கேயே பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடுவதாகச் சொன்னார். யாருக்கும் ஆட்சேபணை இல்லை.

என் மகளும் கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கப் படியில் கால் வைத்தாள். உள்ளே பாட்டு நின்றுவிட்டது.

"நீ இவங்களோட வா," என்றேன். "நான் வண்டியில வர்றேன்."

"காரைக்கால் போயி பஸ் ஏறணும். இருட்டிடும்."

"தெரியும்."

வேன் முன்னே போக நான் பின்னால் வந்தேன். பட்டினம்வரை அதன் பின்புறக் கண்ணாடியில் யாராவது எனக்குக் கையசைத்துக்கொண்டே இருந்தார்கள். ஊர் நெரிசலில் வேனை விட்டுவிட்டேன். அதன் பிறகு வீடு வரும்வரை கைப்பேசியை எடுத்துப் பார்க்காமல் வந்தேன் என்று சொன்னால் பொய். அரசலாற்றுப் பாலத்தில் ஓரமாக நிறுத்தி எடுத்தேன். அடிக்காமல் திரும்ப வைத்தேன். நெடுங்காட்டை நெருங்கும்போது அவள் பஸ் ஏறிய மிஸ்டு கால் வந்தது.

வீட்டில் அவர் நெல் தூசியோடு திண்டாடிக்கொண்டிருந்தார். என் பதினெட்டு அழைப்பையும் மகளின் அழைப்புகளையும் அப்போதுதான் பார்த்திருக்கிறார். முகம் வெளுத்திருந்தது.

"வந்துருவா. பஸ் ஏறிட்டா," என்றேன். "ஒங்களுக்குத் தெரியும்ல, நாகைன்னு?"

"தெரியும்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா அனுப்பியிருப்பியா?"

"அனுப்பியிருக்க மாட்டேன்."

வண்டிச் சாவியை ஆணியில் மாட்டினேன். "அப்படியும் சொல்லியிருக்கணும்," என்றேன். "நான் அனுப்ப மாட்டேன்னு சண்டை போட்டிருப்பேன். போடவாவது விட்டிருக்கணும். அது பாவம்னு ஒதுக்கி வைக்கக் கூடாது." அவர் தலையைத் துவட்டிய துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "சரி. இனிமே சண்டை போடு," என்றார். அவர் வழக்கமாகக் கிண்டல் செய்யும் குரல் இல்லை அது.

அன்றிலிருந்து நான் தைரியசாலி ஆகிவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மதிய நேரத்தில் போன் அடித்தால் இப்போதும் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிடுகிறேன். கையை வயிற்றில் வைக்கிறேனா என்று பார்த்துக்கொள்கிறேன். பெரும்பாலும் வைத்திருக்கிறேன். ஏறியதும் இறங்கியதும் வரும் மிஸ்டு கால்களை நான் நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை.

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, நான் கெண்டை மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அவள் அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, அடுத்த மாசம் பாண்டிச்சேரியில போட்டி. ரெண்டு நாள். ராத்திரி அங்கயே தங்கணும்." பிறகு, "இன்னும் அப்பாகிட்ட சொல்லல," என்றாள்.

மீனைச் சட்டியில் போட்டுவிட்டு அவளைப் பார்த்தேன். எங்கே தங்குவீர்கள், யார் கூட வருகிறார்கள், எந்தப் பேருந்து, கடலூர் வழியா, அந்த வழியில் வளைவுகள் அதிகமாயிற்றே, எல்லாக் கேள்வியும் ஒரே நேரத்தில் வந்தன. ஒவ்வொன்றாகக் கேட்டேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். எதையும் மறைப்பதாகத் தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றாள்.

"எனக்கு ரொம்ப பயமா இருக்குடி," என்றேன்.

"தெரியும்மா."

"அந்த ரெண்டு நாளும் நான் தூங்க மாட்டேன்."

"தெரியும்."

"போயிட்டு வா."

அவள் உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, மீதியிருந்த மீன்களின் செதிளைத் தேய்க்கத் தொடங்கினாள்.